டிவி மேல படியிற கரி எங்கிருந்து வருது?

காலையில வீட்டைப் பெருக்கித் துடைச்சாச்சு. மத்தியானம் டிவி மேல விரலை வச்சா கருப்பா ஒட்டுது. உங்க வீட்டிலயும் இப்படியா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

எங்க பெரியம்மா வீடு வல்லத்திராக்கோட்டையில இருக்கு. போன மார்கழியில போயிருந்தேன். உள்ளே நுழைஞ்சதும் முதல் புகாரே தூசிதான். "எத்தன தடவ தொடச்சாலும் நிக்க மாட்டேங்குது தம்பி." சந்தேகப் பட்டியலையும் அவங்களே சொன்னாங்க: ரோட்டு மண், தைலமரக் காட்டுப் பக்கத்துக் காத்து, எதிர்வீட்டு டிராக்டர். அடுப்புக் கரியா இருக்குமோன்னு கேட்டேன். கோவம் வந்துருச்சு. "காஸ் வந்து பதினஞ்சு வருஷமாச்சு. எந்த அடுப்பு?"

சரி, பார்த்துடலாம்னு அஞ்சு எவர்சில்வர் தட்டுல லேசா தேங்காய் எண்ணெய் தடவி, வாசல் திண்ணை, டிவி மேல, சமையலறை, படுக்கையறை, கொல்லைப்பக்க ஜன்னல்னு அஞ்சு இடத்துல ஒரு நாள் முழுக்க வச்சேன். ஆய்வகம் தேவையில்லை. நீங்களும் செய்யலாம்.

மறுநாள் திண்ணைத் தட்டுல செம்மண் நிறம், விரலால தேய்ச்சா நறநறன்னு இருந்துச்சு. புதுக்கோட்டைச் சீமை மண்ணு, வேறென்ன. சமையலறைத் தட்டு ஏறக்குறைய சுத்தம். கொல்லைப்பக்க ஜன்னல் தட்டு மட்டும் கருப்பு. நறநறப்பே இல்லை, மை மாதிரி வழுக்கிச்சு. டிவி மேல இருந்ததும் அதே மைதான், அளவு கம்மி.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது வெந்நீர் அடுப்பு. மண் அடுப்பு, மேல ஒரு அண்டா. விடிகாலை நாலரைக்கு மூட்டினா ஏழு மணி வரைக்கும் எரியும். தைலமரச் சுள்ளி, முந்திரிக் கிளை, தென்னை மட்டை, எது கிடைக்குதோ அது. மார்கழிக் குளிருக்கு பெரியம்மா அதுக்கு முன்னாடியே உட்கார்ந்து குளிர்காய்வாங்க. அவங்க கணக்குல அது அடுப்பே இல்லை. "வெந்நீர்தானே தம்பி, அதுலயா சமைக்கிறேன்?"

இப்போ என் பக்கத்துக் கதையைச் சொல்லணும். பெரியம்மாவுக்கு மூணு வருஷமா மூச்சு வாங்குது. நான்தான் மருந்து எழுதினேன். பீடி, சிகரெட் குடிக்காத பெண், இருமல், இளைப்பு. "ஆஸ்துமா"ன்னு எழுதிட்டேன். இன்ஹேலர் கொடுத்தேன். பெருசா கேட்கலை. டோஸை ஏத்தினேன். வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், அந்த அடுப்புல காய்ஞ்ச வெந்நீர்ல நானே குளிச்சிருக்கேன். ஒரு தடவைகூட அதை நோயோட சேர்த்து யோசிக்கலை.

இந்தத் தப்பை மருத்துவம் ஏற்கனவே ரொம்ப காலம் செஞ்சிருக்கு. அதைக் கண்டுபிடிச்சவரோட கதை நமக்குப் பக்கத்துலயே ஓடுது.

எஸ். பத்மாவதி 1917-ல பர்மாவுல பிறந்தவர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தப்போ, அம்மா, சகோதரிகளோட தப்பிச்சு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். அப்பாவும் சகோதரர்களும் அங்கேயே தங்கிட்டாங்க. போர் முடிஞ்ச பிறகுதான் குடும்பம் ஒண்ணு சேர்ந்தது. அப்புறம் லண்டன், சுவீடன், அமெரிக்கான்னு போய் இதய மருத்துவம் படிச்சிட்டு வந்து, 1953-ல டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று அவரைத்தான் சொல்கிறோம்.

அந்தக் காலத்துல நுரையீரல் கெட்டு, அதனால இதயத்தோட வலது பக்கம் வீங்குற நோய்னா, அது ஆம்பளைங்க நோய்ங்கிறதுதான் பொதுவான நினைப்பு. சுரங்கத்துல வேலை பார்க்கிறவங்க, புகை பிடிக்கிறவங்க நோய்னு. ஆனா டெல்லியில அவர் கண்ட படம் வேற. காலு வீங்கி, உதடு நீலம் பாரிச்சு, படுக்க முடியாம உட்கார்ந்தே மூச்சு வாங்குறவங்கள்ல பெண்களும் ஆண்கள் அளவுக்கே இருந்தாங்க.

அவரும் பதக் என்ற மருத்துவரும் சேர்ந்து 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959-ல 'சர்க்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். டெல்லியிலிருந்து வந்த இந்த ஆய்வுகள் காட்டியது இதுதான். ஆண்களில் நாலுல மூணு பேர் புகை பிடிப்பவர்கள். பெண்களில் பத்துல ஒருத்தர்தான். ஆனாலும் நோய் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமம். இன்னொன்னு, பெண்களுக்கு அது 10-லிருந்து 15 வருஷம் முன்னாடியே வந்துடுது.

பீடியே தொடாத பெண்ணுக்கு பீடி குடிக்கிறவரை விடச் சின்ன வயசுல ஏன் நுரையீரல் கெடணும்? பதில் அவங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு. வறட்டியும் விறகும் எரியிற அடுப்பு. அம்மா மடியில உட்கார்ந்திருக்கிற வயசுல இருந்தே அந்தப் புகை.

இந்தக் கண்டுபிடிப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கலை. வார்டுல படுத்திருக்கிறது யாருன்னு எண்ணிப் பார்த்து, இவங்க இங்க இருக்கக்கூடாதேன்னு ஒரு சந்தேகம் வரணும். அவ்வளவுதான்.

வலது பக்க இதயம் ஏன் கெடுதுன்னு கேட்பீங்க. புகை மூச்சுக்குழாயை வருஷக்கணக்கா அரிச்சு, சுருக்கிடும். நுரையீரலுக்குள்ள ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைஞ்ச இடத்துல ரத்தக்குழாய் இறுகும், அது நுரையீரலோட இயல்பு. இறுகின குழாய் வழியா ரத்தத்தைத் தள்ள வலது இதயம் ஓவர்டைம் பார்க்கும். ஒரு நாள் தளர்ந்துடும். கால்ல நீர் கோக்கும். அடுப்படியில ஆரம்பிச்ச நோய் கணுக்கால்ல வந்து தெரியும்.

அதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில என்ன நடந்துச்சுன்னும் பார்க்கணும். 1952 டிசம்பர் 5-ம் தேதி லண்டனை ஒரு மூடுபனி மூடுச்சு. கடுங்குளிர். வீட்டுக்கு வீடு கணப்புல நிலக்கரி எரியுது. காத்து அசையலை. அஞ்சு நாள். சுமார் 4,000 பேர் செத்துட்டாங்கன்னு முதல் கணக்கு. பிற்காலத்தில் செய்த மறு ஆய்வு சுமார் 12,000 என்றது. கண்காட்சிக்குக் கொண்டுவந்த மாடுகளுக்கே மூச்சுத் திணறிச்சு. தொழிற்சாலைப் புகையும் வண்டிப் புகையும் காரணம்தான். ஆனா வீட்டுக் கணப்பு பெரிய குற்றவாளின்னு புரிஞ்ச பிறகுதான் 1956-ல தூய காற்றுச் சட்டம் வீட்டுப் புகைபோக்கியையும் சேர்த்துக் கட்டுப்படுத்துச்சு.

ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. லண்டன் வீடு எல்லாத்துலயும் புகைபோக்கி இருந்துச்சு. புகை வீட்டுக்குள்ள நிக்கலை, கூரைக்கு மேல போச்சு. எல்லா வீட்டுப் புகையும் மேல போய், திரும்ப எல்லாரோட நுரையீரலுக்கும் வந்துச்சு.

நம்ம ஊர்லயும் புகைபோக்கிதான் பதில்னு ரொம்ப நாள் நம்பினாங்க. தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், வார்தா மகன்வாடியில 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பை 1940களில் உருவாக்கியது. ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு இன்னொரு அடுப்பைச் செய்தார். 1953-ல கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை வேண்டும் என்று அவர் எழுதிய சிறு புத்தகம் சென்னையில்தான் அச்சானது. யோசிச்சுப் பாருங்க, பத்மாவதியின் கட்டுரைக்கு 6 வருஷம் முன்னாடி. டாக்டர்களுக்கு முன்னாடியே ஒரு இன்ஜினியருக்குப் புரிஞ்சிருக்கு.

1983-ல மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தை ஆரம்பிச்சது. உங்க பாட்டி வீட்டுல சிமெண்ட் குழாய் வச்ச ரெட்டை அடுப்பு இருந்திருந்தா, அநேகமா அந்த வகைதான். 2002-ல திட்டத்தை மூடுற வரைக்கும் நாடு முழுக்க ஏறக்குறைய 3.5 கோடி அடுப்பு போட்டாங்க. எத்தனை நிலைச்சுது? குழாய்ல கரி அடைக்கும். சுத்தம் பண்ணணும். யாரு கூரையில ஏறுறது? வாய் சின்னது, பெரிய விறகு நுழையாது, பிளக்கணும். யாரு பிளக்கிறது? ஒரு வருஷத்துல குழாய் உடையும், அடுப்பு பழையபடி ஆயிடும். ஒடிசாவுல எஸ்தர் டஃப்லோ குழுவினர் இதே மாதிரி அடுப்பு வாங்கின குடும்பங்களை நாலு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. முதல் வருஷம் உள்ளே போற புகை குறைஞ்சது. அப்புறம் அந்தப் பலனும் காணாம போச்சு, பராமரிக்க ஆளில்லாம. பெண்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கரி அடைச்ச குழாய்க்கு மெக்கானிக் கிடையாது, டிவிக்கு உண்டு.

பழைய அடுப்பை ஒரேயடியா முட்டாள்தனம்னும் சொல்ல மாட்டேன். அடுப்புக்கு மேல பரண்ல விதை கட்டித் தொங்கவிட்டதுக்குக் காரணம் இருக்கு. புகை பட்ட விதையில வண்டு விழாது. கூரை ஓலை சீக்கிரம் உளுத்துப் போகாது. வீட்டுக்கு நல்லதா இருந்தது வீட்டுக்காரிக்கு நல்லதா இல்லை, அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல புகையை அளக்க ஒருத்தர் வந்தார். கிர்க் ஸ்மித், அமெரிக்கர். அணுமின் நிலையத்தால வர்ற ஆபத்தை ஆராய்ந்துகிட்டு இருந்தவர். 1981-ல குஜராத் கிராமங்களுக்குப் போய், சமைக்கிற பெண்களோட உடம்புலயே சின்ன பம்பைக் கட்டி, அவங்க மூச்சு விடுற இடத்துக் காத்தை ஒரு வடிதாள் வழியா இழுத்தார். வடிதாளை முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டா, வித்தியாசம்தான் தூசி. நான் எண்ணெய்த் தட்டுல செஞ்சதோட பெரியண்ணன். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியா சுமார் 7,000 மைக்ரோகிராம் துகள். அன்னிக்கு உலகத்துல மாசுன்னா நகரத்து ரோடுதான் என்று நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. எந்த ரோட்டையும் தூக்கிச் சாப்பிடுற கணக்கு இது.

நம்ம தமிழ்நாட்டுக் கணக்கு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து 2002-ல வெளியிட்டாங்க. விறகு, வறட்டி எரியிற வீட்டில் சமைக்கும் நேரத்தில் நுரையீரல் வரை போகக்கூடிய தூசி 500-லிருந்து 2,000 மைக்ரோகிராம் வரை. 24 மணி நேரச் சராசரி பார்த்தா, சமைப்பவருக்கு 231. அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. காஸ் வச்ச வீட்டில் எல்லாருக்குமே சுமார் 82.

அந்த 231-க்கும் 90-க்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாருங்க. ஒரே கூரை. ஒரே சோறு. யாரு அடுப்பு பக்கத்துல நிக்கிறாங்கங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, துடைச்சும் துடைச்சும் தூசி ஏன் நிக்கலைங்கிற முதல் கேள்விக்கு வருவோம். அடுப்புல இருந்து ரெண்டு விதமான தூசி வருது. ஒண்ணு சாம்பல். ஊதாங்குழல்ல ஊதும்போதும் அடுப்பை வழிக்கும்போதும் பறக்கும். பெருசு, கனம். 10 மைக்ரான் அளவுள்ள துகள் அசையாத காத்துல ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல தரைக்கு வந்துடும். உள்ளே போனாலும் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடிச்சு வச்சுக்கும், சளியா வெளியே வந்துடும்.

இன்னொண்ணு புகைத் துகள். அரை மைக்ரான், அதுக்கும் கீழே. தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. அரை மைக்ரான் துகள் அதே ரெண்டு மீட்டரை இறங்க ரெண்டு நாளுக்கு மேல ஆகும். ஃபேன் சுத்துற வீட்டுல இறங்கவே இறங்காது. மிதந்துகிட்டே டிவி, ஃப்ரிட்ஜ் மேல, ஃபேன் இறக்கை மேல கொஞ்சம் கொஞ்சமா ஒட்டும். நீங்க துடைக்கிறது, ஒட்டினதை மட்டும். மிதக்கிறது உங்க மூச்சுப்பைக்குள்ள போகுது. அதைத் துடைக்கத் துணி கிடையாது.

பெரியம்மா வீட்டுல சாம்பல் பிரச்சினையே இல்லை. அடுப்பு வெளியிலதானே இருக்கு. சாம்பல் அங்கேயே விழுந்துடுது. புகைத் துகள் மட்டும் ஜன்னல் வழியா படுக்கையறைக்குள்ள போய், தினமும் ரெண்டரை மணி நேரம் நிரம்பிட்டு, நாள் முழுக்க மிதக்குது. ஈர மட்டையைச் சொருகிட்டு உள்ளே போயிட்டா, தீ எரியாம புகையிற நேரம் கூடும். அதுதான் ரொம்ப மோசமான நேரம்.

அடுத்த மாசம் அவங்களைக் கூட்டிட்டு வந்து ஒழுங்கா ஊதிப் பார்க்கும் பரிசோதனை செஞ்சோம். ஆஸ்துமான்னா மருந்து இழுத்த பிறகு மூச்சுக்குழாய் விரிஞ்சு அளவு பழையபடி நல்லா ஏறணும். இவங்களுக்கு மருந்துக்கு அப்புறமும் முதல் ஒரு நொடியில வெளியே வந்த காத்து, மொத்தத்துல 70 சதவீதத்துக்குக் கீழே. சிஓபிடி. நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய். இருபது வருஷம் பீடி குடிச்ச ஒருத்தர் ஊதினா வர்ற படம், பீடியைத் தொடாத எங்க பெரியம்மா ஊதின தாள்ல. மருந்தை மாத்தினோம். போன நுரையீரல் திரும்ப வராது.

"அரசாங்கம் காஸ் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?"ன்னு யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுல 2007-லயே இலவச காஸ் அடுப்புத் திட்டம் வந்துச்சு. 2016-ல மத்திய அரசின் உஜ்வலா. ரெண்டும் பெரிய வேலை. அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா சிலிண்டர் விலையைப் பார்த்தா, சோத்துக்கும் குழம்புக்கும் காஸ். வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு. விறகு சும்மா கிடைக்குது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்துல விழுந்த தென்னைக்கும் பலாவுக்கும் கணக்கே இல்லை. அது எல்லாம் யாரோ ஒருத்தர் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

காஸ் கொடுத்தாலே எல்லாம் சரியாயிடுமான்னு சோதிச்ச பெரிய ஆய்வு ஒண்ணும் இருக்கு. 'ஹேப்பின்' என்று பேர். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா. 3,200 கர்ப்பிணிப் பெண்கள். இந்தியப் பகுதி நம்ம விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்கள். பாதிப் பேருக்கு அடுப்பும் காஸும் இலவசம். காஸ் கிடைக்காத பாதிப் பேர் சுவாசிச்ச நுண்துகள் அளவு 71 மைக்ரோகிராம்னா, காஸ் கிடைச்சவங்களுக்கு 24, அதாவது மூணுல ஒரு பங்கு. ஆனா குழந்தைகளோட பிறப்பு எடை? சராசரி வித்தியாசம் 20 கிராம்தான். அது காஸால வந்ததுன்னு சொல்ல முடியாத அளவு. 2022-ல முடிவு வந்தப்போ பல பேருக்கு ஏமாற்றம்.

நான் இதை எப்படிப் படிக்கிறேன்னா: அந்தப் பெண்களுக்கு காஸ் கிடைச்சப்போ அவங்க ஏற்கனவே கர்ப்பிணி. அதுக்கு முன்னாடி ஒரு ஆயுசு முழுக்கப் புகை. பத்மாவதி பார்த்த பெண்களுக்கும் குழந்தையில இருந்து சேர்ந்த கணக்குதான் நோயா வந்துச்சு. கொஞ்ச மாசத்துல அழியிற கணக்கு இல்லை. இது என் கருத்து. ஆய்வு செஞ்சவங்களே இன்னும் விவாதிக்கிறாங்க.

இன்னொரு காரணம், லண்டன் கதை. என் வீட்டுல காஸ் வந்தாலும் பக்கத்து வீட்டுப் புகை எனக்கும்தான். 2015 நிலவரத்தை ஆராய்ந்த ஒரு கணக்குப்படி, இந்தியர்கள் வெளிக்காற்றில் சுவாசிக்கிற நுண்துகளில் ஏறக்குறைய கால் பங்கு வீடுகளில் விறகும் வறட்டியும் எரிப்பதால் வருது. வண்டியைத் திட்டுறோம், வெந்நீர் அடுப்பை யாரும் திட்டுறதில்லை.

பத்மாவதி 2020 ஆகஸ்ட்ல கோவிட் வந்து காலமானார். வயசு 103. கிர்க் ஸ்மித்தும் அதே வருஷம் ஜூன்ல போயிட்டார்.

இப்போ எங்க ஓபியில மூச்சு வாங்குதுன்னு வர்ற பெண்கள்கிட்ட நான் கேட்கிற கேள்வி மாறிடுச்சு. "பீடி உண்டா"ன்னு கேட்டா சிரிப்பாங்க. "விறகடுப்பா"ன்னு கேட்டா "இல்ல சார், காஸ்"னு முடிச்சிடுவாங்க. "வெந்நீர் எதுல போடுறீங்க? நெல்லு எங்க அவிக்கிறீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா வீட்டுல எந்த அடுப்பு? எத்தனை வயசுல அடுப்படிக்குப் போனீங்க?" இப்படிக் கேட்கணும். பதிலைக் கூட்டி, வருஷக் கணக்கைச் சீட்டுலயே எழுதிடுறேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகுது. வரிசையில நிக்கிறவங்க முறைப்பாங்க, பரவாயில்லை.

பெரியம்மா வெந்நீர் அடுப்பை ஜன்னலை விட்டுத் தள்ளி, கொல்லைக் கடைசியில தென்னை மரத்துப் பக்கம் மாத்திட்டாங்க. விறகைக் காயவச்சு எரிக்கிறாங்க. குளிர்காயிறதை விடலை, ஆனா காத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருறாங்க. பொங்கலுக்குப் போனப்போ மறுபடி தட்டு வச்சுப் பார்த்தேன். படுக்கையறைத் தட்டு தேவலை. கொல்லை ஜன்னல் தட்டுல இன்னும் லேசா கருப்பு. எட்டிப் பார்த்தா, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பு.

பெரியம்மா அந்தம்மாகிட்ட போய்ப் பேசியிருக்காங்க. அவங்க சொன்னாங்களாம்: "நல்லா இருக்கே கதை. உங்க அடுப்பை நகத்தினதுல இருந்துதான் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல கரி படியுது."